ரெண்டு கையாலயும்

இசக்கியம்மாள்: டப்பாவ எடுத்தாச்சா? இன்னைக்கும் பிளேன்ல மேல போறீரா?

செல்லத்துரை: சேட்டு கூப்பிட்டா போவணும்லா. ரிப்பேர் பாத்த மிஸ்திரியே ஏறலன்னா அவரு எப்படி நம்பி ஓட்டுவாரு?

இசக்கியம்மாள்: அப்ப ஒண்ணு. உம்ம தம்பி பிளேன் எறங்குற ஜூஹு மைதானத்துல வேலைக்கு நிக்கும்போது தெனம் துண்ட வீசுதானாம். நீரு கண்டுக்கிடவே மாட்டீராம்.

செல்லத்துரை: தங்கபாண்டியா? அங்கயிருந்து பாத்தா எறும்பு கணக்கா இருக்கான்...

இசக்கியம்மாள்: அடேயப்பா! கூடப்பொறந்தவன் எறும்பாயிட்டானோ? கையக் காட்டும்.

செல்லத்துரை: சரி, காட்டுதேன்.

இசக்கியம்மாள்: ரெண்டு கையாலயும். இல்லன்னா ராத்திரி சோறு கெடையாது.

செல்லத்துரை: சோத்துக்காவது காட்டுதேன்... ஏளா, ஊறுகா வச்சியா?

இசக்கியம்மாள்: வச்சிருக்கேன். போம்.

*

தங்கபாண்டி: மதினி... பிளேன் விழுந்த விசாரணை முடிஞ்சிட்டு.

இசக்கியம்மாள்: தெரியும். தாராவி பூரா தெரியும்! சேட்டு சக்கரத்த எறக்குனானாம், தரையில தொட்டதும் மடங்கிட்டாம். மிஸ்திரி வேலை சரியில்லையாம். அண்ணனுக்குப் பதினாறு கழியல, அதுக்குள்ள பழி!

தங்கபாண்டி: மெதுவா மதினி...

இசக்கியம்மாள்: என்ன மெதுவா? ஓட்டுன சேட்டுக்குக் கை ஒடிஞ்சதோட சரி. நீ கீழ தான நின்ன? சக்கரத்தப் பாத்தியா, இல்லியா?

தங்கபாண்டி: வெயிலு... கண்ணு கூசிட்டு.

இசக்கியம்மாள்: எந்த வெயிலு? மழை இருட்டிக்கிட்டு நின்னுச்சுன்னு நீதான அழுத!

தங்கபாண்டி: விடுங்க மதினி.

இசக்கியம்மாள்: சேட்டு வேலைய விட்டுத் தூக்கிருவான்னு பயம். அண்ணன் பேரு நாறுனா ஒனக்கென்ன? தூ!

தங்கபாண்டி: வேலைக்காவ இல்ல.

இசக்கியம்மாள்: பெறவு எதுக்கு? வாயத் தொறந்து சொல்லு!

தங்கபாண்டி: சக்கரம் மடங்கல மதினி. வெளியவே வரல. சேட்டு எறக்க மறந்துட்டான். என் தலைக்கு மேல தாழ வட்டம் போடும்போதே பாத்தேன்.

இசக்கியம்மாள்: அடப்பாவி! அத அங்க சொன்னா என்ன?

தங்கபாண்டி: பாத்துட்டு நீ என்ன செஞ்சன்னு கேப்பானுவ. சொன்னா... ஒங்க காதுக்கு வரும்.

இசக்கியம்மாள்: வரட்டும். என்ன செஞ்ச?

தங்கபாண்டி: துண்ட வீசுனேன். எறங்காத, எறங்காதன்னு கத்திக்கிட்டே ஓடி ஓடி வீசுனேன்.

இசக்கியம்மாள்: மேலயிருந்து அவ்வோ... பாக்கலியா?

தங்கபாண்டி: பாத்தான் மதினி. சிரிச்சான். ஒருநாளும் இல்லாம... ரெண்டு கையாலயும் காட்டுனான்.