வெங்காயத்துக்குப் பயந்து வந்த அம்மை

...அட, நவுராதீங்கக்கா! இன்னும் ஒரு சாண் நவுந்தா சன்னல் வழியா ரோட்டுலதான் இருப்பீங்க. ஒட்டாதுக்கா இது. வேப்பிலைய பாத்து மெரண்டுட்டீங்களா? இது சாமிக்கு இல்ல, சொறியறதுக்கு. நகத்தால சொறிஞ்சா புண்ணாயிருதுல்ல, அதான் கொத்தா ஒடிச்சி எடுத்துட்டு வந்தேன்.

வவுத்தச் சுத்தி நெருப்ப அள்ளிக் கொட்டுனாப்ல இருக்குக்கா. ஏழு மாசம். தோலு விரிஞ்சி வரி வரியா கெடக்குல்ல, அந்த வரி பூரா செவந்து தடிச்சி... தொப்புள மட்டும் வுட்டு வச்சிருக்கு. நடுவுல கோயிலு, சுத்தி தீமிதி! துணி பட்டா எரியுது, காத்து பட்டா அரிக்குது. அதான் நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு ஏறிட்டேன். குன்னத்துல ஏறுனப்ப கண்டக்டரு டிக்கெட்ட எப்படி நீட்டுனாரு பாத்தீங்களா? நாய்க்கு எலும்பு போடுற தூரத்துலேந்து!

யாரு மேல கோவப்படுறதுங்கிறீங்க... மாமியா மேலயா? அத போயி சொன்னா நாக்கு அழுவிரும். புருசன் மேலயா? அந்த மனுசன் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல்லு லாரி ஓட்டிக்கிட்டு கெடக்காரு, வாரத்துக்கு ஒருக்காதான் வூட்டுக்கு வரும். எல்லாம் இந்த வாயிக்கா. மணிமொழின்னு பேரு வச்சாலும் வச்சாங்க, தொறந்தா மூடாது.

வெங்காயத்துலேந்து ஆரம்பிக்கிறேன், அப்பதான் புரியும். எங்க கொல்லையில சின்ன வெங்காயம் புடுங்கி மல மாதிரி கொட்டி வச்சிருந்திச்சி. தாள அறுத்து, அழுவாம இருக்க காத்தோட்டமா குவிச்சி பட்டற போடணும். உக்காந்த எடத்துல செய்யிற வேலதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்த நெடி இருக்கே... மாசமா இருக்கறப்ப அது மூக்குல ஏறுனா கொடல் வாய்க்கு வந்துரும். எங்கத்த காத்தாயி இருக்கே, பொழுது விடிஞ்சா அருவாள கையில குடுத்துரும். முடியல அத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா சரின்னுருக்கும். சொன்னனா? அதுதான் இல்ல. நேரா சொன்னா என் கவுரவம் என்னாவுறது!

அன்னிக்கி கழுத்துல ரெண்டு வேர்க்குரு. ரெண்டே ரெண்டு! கண்ணாடில பாத்தேன். புத்தி போச்சு பாருங்க, அதுக்கு பவுடர் அடிக்கலாம்னு போவல. "அத்தே... அம்ம பாத்துருக்காப்ல இருக்கு"ன்னுட்டேன்.

நான் சொன்னா அந்த வூட்டுல நம்புவாங்கக்கா. ஏன்னா நான் நர்சிங் படிச்சவ. அதாவது... ரெண்டாவது வருசம் பாதில வுட்டுட்டு ஓடியாந்தவ. ஒரு எடத்துல ஒரு மணி நேரம் உக்கார முடியாது எனக்கு. ஆனா ஊருல எல்லாம் "நர்சம்மா"தான். அந்தப் பேர நானும் வேணாங்கல.

சொன்ன அடுத்த நிமிசம் எங்கத்த கன்னத்துல போட்டுக்கிச்சி. "வாடி ஆத்தா"ன்னு என் கால்ல வுழுவ வந்திச்சிக்கா! எனக்கு சிரிப்பு தாங்கல. வாசல்ல வேப்பிலை, படுக்கையில வேப்பிலை, வூட்டுல தாளிக்கிறது நின்னுபோச்சு. வெங்காயம் அந்த பக்கமே வரல. எளநி, நொங்கு, விசிறி... ரெண்டு நாளு ராணி மாதிரி கெடந்தேன். நடிப்புக்கு பட்டம் குடுத்தா எனக்குத்தான் குடுக்கணும்.

மூணாம் நாளு பட்டம் குடுத்தாங்க. நெசமாவே வந்துருச்சி! கழுத்துல இல்ல, வவுத்துல. அம்மையில்ல இது, அந்த அளவுக்குத் தெரியும் எனக்கு. தோலு விரியிறப்ப சில பேருக்கு வரும்னு படிச்சிருக்கேன். ஆசுபத்திரிக்கு போனா ஒரு களிம்பு குடுப்பாங்க. எப்படி போறது? ஆத்தா வந்த வூட்டுலேந்து ஆசுபத்திரிக்கு போவக்கூடாதே! ஊசி மருந்துன்னு வாயெடுத்தாலே எங்கத்த வாயப் பொத்துது. அரைச்ச வேப்பிலையும் மஞ்சளும் தடவுது, அது இன்னும் எரியுது. நான் கத்தக் கத்த, "ஆத்தா உக்கிரமா வந்துருக்கா"ன்னு கற்பூரத்த ஏத்துது.

சொல்லிருக்கலாம்ல? நாலாம் நாளு சொல்லலாம்னு பாத்தேன், அத்த பச்சத் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வெரதம் இருக்கு. ஆறாம் நாளு பாத்தேன், செருப்பு போடாம கோயில சுத்துது. எப்படிக்கா சொல்றது, "சும்மா சொன்னேன் அத்தே"ன்னு?

சிரிக்காதீங்க. இனிமேதான் இருக்கு. முந்தாநாளு ராத்திரிலேந்து உள்ளங்கை அரிக்குது. உள்ளங்காலும். அங்க ஒரு தடிப்பும் இல்ல, சும்மாவே அரிக்குது. காலேஜுல நான் தூங்காம கேட்டதே ஒரே ஒரு பாடம்... மாசமா இருக்கறவளுக்கு உள்ளங்கை உள்ளங்கால் அரிச்சா ஈரல்ல கோளாறா இருக்கலாம், ஒடனே ரத்தம் பாக்கணும், இல்லன்னா வவுத்துல இருக்கற புள்ளைக்கு ஆவாதுன்னு சொன்னாங்க. மத்த பாடத்துல எல்லாம் தூங்குனவ இதுலயும் தூங்கித் தொலச்சிருக்கலாம்ல?

அதான் ஆசுபத்திரிக்குன்னு ஓடியாந்துட்டேன். எங்கத்த காலையிலயே மாரியம்மன் கோயிலுக்கு போயிருச்சி. என்னத்துக்குங்கிறீங்க? மொட்ட போட! ஆமாக்கா. எனக்கு எறங்கணும்னு முடி குடுக்கறேன்னு வேண்டிக்கிச்சாம். இடுப்பு வரைக்கும் முடிக்கா அதுக்கு. இந்த வயசுலயும் ஒரு நர கெடையாது. எண்ணெ தேச்சி தேச்சி வளத்தது. வராத அம்மைக்கு...

இருங்க, போனு. அய்யோ, அத்ததான்.

அலோ... அத்தே... ஆங், படுத்துதான் இருக்கேன். சத்தமா? அது... டீவி அத்தே. தண்ணி தொட்டு தலைய நனைச்சாச்சா? கத்தி தீட்டுறாரா? நான் இங்கேந்து கும்புட்டுக்கணுமா?

அக்கா, டிரைவரண்ணன்ட்ட அந்தப் பாட்ட கொஞ்சம் கொறைக்க சொல்லுங்களேன்.

அத்தே. அத்தே, அவர நிறுத்த சொல்லுங்க. வேணாம் அத்தே. அம்ம இல்ல. எனக்கு அம்மையே வரல. நான் சொன்னது பொய். வெங்காயத் தாளு அறுக்க சோம்பப்பட்டு சொன்னேன். அப்பறம் வந்தது வேற. இப்ப கை காலெல்லாம் அரிக்குது, அது நல்லதில்ல, புள்ளைக்கு ஆவாது, ரத்தம் பாக்கணும், நான் பெரம்பலூர் பஸ்ல இருக்கேன்... அலோ? அத்தே, இருக்கீங்களா?

...அங்க கத்திய நிறுத்தச் சொல்லுதுக்கா. லைன்லதான் இருக்கு. திட்டுனா பரவால்ல, பதிலுக்கு பதில் பேசிருவேன். இது திட்டாம இருந்து நான் பாத்ததே இல்ல...

ஆங், அத்தே? புள்ளையா...? அசையுது. இப்பகூட ஒதச்சான். காலையிலேந்து எண்ணிக்கிட்டேதான் வரேன். ஆமா, நெசமா. இது பொய்யில்ல அத்தே. உங்க மவன்மேல சத்தியமா.

...அடுத்த பஸ்சா? நீங்களா? இல்ல, வேணாம், நானே பாத்துக்குவேன், எனக்கு எல்லாம் தெரியும், நான்தான்... ஈரத் தலையோடயா வரப்போறீங்க? செருப்புகூட இல்லாமயா?

...

பயமாத்தான் அத்தே இருக்கு. வாங்க.