துறைமுகத்துல எல்லாரும் மொட்டை

உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இப்படி உக்காருங்க. ஆம்பளைங்க சலூன்னு கூச்சப்படாதீங்க, இன்னைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. வர்றதுக்குத் தலையில முடி இருந்தாத்தானே?

ஆமாம்மா, எல்லாம் என் கைவேலைதான். படகுக்காரங்க, ஐஸ் உடைக்கிறவங்க, வலை பின்றவங்க, ஒருத்தர் பாக்கியில்லாம நேத்து ஒரே நாள்ல மொட்டை. பொம்பளைங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கு, கதவைத் திறக்க மாட்டாங்க. நீங்க காலையிலேர்ந்து சோதனைக்கு முடி கேட்டு கவரும் கத்தரிக்கோலுமா அலையறீங்க, பார்த்த தலையெல்லாம் பளபளன்னு இருக்கு. என்னடா இதுன்னு ஆகியிருக்கும். சிரிக்கிறீங்க. நேத்து எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

யார் சொன்னதா? வேற யாரு, ஐஸ்கட்டிதான். படகு முதலாளி. ஐஸ் கம்பெனியும் அவரோடதுங்கிறதால அப்படி ஒரு பேரு, நேர்ல எவனும் சொல்லமாட்டான். முடியைச் சோதிச்சா உடம்புல பாதரசம் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரிஞ்சுடுமாமே? அது பேப்பர்ல வந்தா நம்ம மீனை எவன் வாங்குவான், அத்தனை பேர் வாயிலயும் மண்ணுதான்னு கூட்டம் போட்டுப் பேசினார். தப்புன்னு எப்படிம்மா சொல்றது? படகு நின்னா இந்தத் தெருவே பட்டினி. என் கடையும் அவர் கட்டடம்தான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உன் தலையையும் வழிச்சுடுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டுன்னு அர்த்தம். என் தலையை நானே எப்படி வழிக்கிறது, அதான் இன்னும் அப்படியே இருக்கு.

போன வாரம் வலைக் கொட்டகையில நீங்க பேசினப்போ பின்னாடி நின்னு கேட்டேன். பாதரசம்னா தெர்மாமீட்டர் உடைஞ்சா உருளுமே, அதுதான்னு நெனைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய் மீன் வயித்தைக் கீறி டார்ச் அடிச்சுத் தேடினேன். வீட்டுக்காரி, மோதிரம் கீதிரம் தொலைஞ்சு போச்சான்னு கேக்கறா. கண்ணுக்கே தெரியாதாமே. கழுவினாலும் போகாது, கொதிக்க வெச்சாலும் போகாது, சதையோட சதையா ஊறிக் கிடக்குமாமே. கடல் பாசியில துளியூண்டு, அதைத் தின்ன பூச்சிகிட்ட இன்னும் கொஞ்சம், பூச்சியைத் தின்ன நெத்திலி, நெத்திலியைக் கூட்டங்கூட்டமா முழுங்கின சூரை, சூரையை முழுங்கின சுறா. முன்னாடி இருந்தவன் சேர்த்து வெச்சதையெல்லாம் ஒவ்வொருத்தனும் வாரிக்கிறான், உடம்பை விட்டு லேசுல போறதில்ல. எனக்கு நம்ம வாஷ்பேசின் குழாய் ஞாபகம்தான் வந்துச்சு. ஒரு ஆளுக்கு விழற முடி எம்மாத்திரம்? ஆனா ஒருநாள் பார்த்தா தண்ணியே இறங்காது.

எங்கேயோ எவனோ கரி எரிச்ச புகை மழையோட கடல்ல இறங்குதுன்னு வேற சொன்னீங்க. அவன் மூஞ்சி கூடத் தெரியாது. யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது, சொல்லுங்க. வயிறு எரியுதும்மா.

சரி, அந்த வரிசையில சுறாவுக்கு அடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? படகுக்காரங்களா? அட, இல்லம்மா. பெரிய மீன் விக்கறதுக்குப் போயிடும், அவங்க வீட்டுக்கு நெத்திலிதான். ஆனா முடி வெட்டினதுக்கு நெத்திலி குடுத்தா மரியாதை இல்லையாம். கொழுத்த மீனாப் பார்த்து, நடுத்துண்டா அறுத்து, பேப்பர்ல சுத்தி இந்தக் கண்ணாடிக்குக் கீழே வெச்சுட்டுப் போவாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான். கடல்ல கால் நனைச்சதில்லம்மா நான். ஆனா பெரிய மீனாவே தின்னு வளர்ந்தவன் இந்தத் துறைமுகத்துல நான் ஒருத்தன்தான். கொடுத்து வெச்சவன்டா நீன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் பெருமையாத் தலையாட்டுவேன்.

இருங்க, இருங்க, எங்க கிளம்பறீங்க? கதவைச் சாத்திட்டு வந்துடறேன். ம், நீங்க எழுந்திருங்க, நான் உக்கார்றேன். பின்மண்டையில, வேரை ஒட்டி வெட்டணும்னுதானே சொன்னீங்க? வெட்டிக்குங்க. தெரியும்மா, சாவியைக் கேப்பார். கேக்கட்டும். வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல, அதை நெனைச்சாத்தான் பயமா இருக்கு.

கடையை வெச்சுக்கிட்டு மட்டும் என்ன பண்றது? கொஞ்ச நாளாவே விரல் நுனி மரத்து மரத்துப் போகுது. குளிர்னு நெனைச்சேன், வயசுன்னு நெனைச்சேன். நேத்து கடைசியா ஐஸ்கட்டி வந்து உக்கார்ந்தார். ஊருக்குச் சொல்லிட்டுத் தான் மட்டும் முடியோட இருந்தா நல்லாருக்காதில்ல. பேச்சுக் குடுத்துக்கிட்டே வழிச்சேன். அவர் ஐயோன்னு கத்தினப்புறம்தான் குனிஞ்சு பார்க்கறேன், காதுல கத்தி இறங்கியிருக்கு. என் கைக்கு அது தெரியவே இல்லம்மா.