தேங்காய் வெட்டிய கரணை

கிளாத்தன் சந்தையில் சுவர் பூசப் புதுக் கரணை வாங்கப் போனால் நான் முதலில் விலையைக் கேட்க மாட்டேன், ஐயா. தகட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஓரம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பேன். பிறகு நுனியை லேசாக வளைத்து விடுவேன். விட்டதும் பழையபடி நிமிர்ந்தால் நல்ல எஃகு. கடைக்காரன் முகத்தைச் சுளிப்பான், சுளிக்கட்டும்.

நல்லதாகப் பார்த்து வாங்கினாலும் உடனே அது கடைசிப் பூச்சுக்கு ஆகாது. கூரான மூலைகள் சுவரில் கோடு போடும். உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, சில்லறை வேலைகளில் பழக்க வேண்டும். வருடக்கணக்கில் தேய்ந்த பிறகுதான் கைக்கு வாகாக வரும். வேலை முடிந்ததும் ஈரம் காய்வதற்குள் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவித் தொங்கவிட வேண்டும். "என் தலைக்கு வைக்க எண்ணெய் இல்ல, அதுக்கு மட்டும் உண்டு" என்பாள் என் மனைவி லஸ்த்ரி. அவள் சொன்னதில் தப்பில்லை.

அவள் தம்பி கியாந்தோ என்னிடம் சித்தாளாக இருந்தான். சிரித்த முகம், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். அதை நான் மறைக்கவில்லை. ஆலைக்காரர் வீட்டுக்கு உத்தரம் ஏற்றிய அன்று, எங்கள் ஜாவா வழக்கப்படி தேங்காயும் வாழைத்தாரும் கட்டினோம். விருந்தில் எல்லோரும் தெம்பே வறுவல் தின்றுகொண்டிருந்தபோது, கத்தி கிடைக்கவில்லை என்று கியாந்தோ என் கரணையை எடுத்து ஒரு தேங்காயை வெட்டினான்.

"என்னடா செஞ்சே?"

"இரும்புதானே மச்சான். என்னமோ எங்கக்காவ வெட்டுன மாதிரி பாக்குறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கரணையின் ஓரம் பிய்ந்து பல் விழுந்திருந்தது. சாணைக்கல்லில் பொறுமையாகத் தேய்த்து எடுத்தேன். பின்கட்டுச் சுவரில் பூசிப் பார்த்தேன். ஒரு கோடுகூட விழவில்லை. ஆனாலும் அது என் பழைய கரணை இல்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. வெளியே சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார்கள்.

கிழக்குச் சுவருக்குக் கடைசிப் பூச்சுப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள். பாதியில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும் என்று நாங்கள் இருவர் மட்டும் தங்கிவிட்டோம். சாரத்தின் கோடிப் பலகையைக் கட்டியிருந்த கயிற்றை நான் காலையிலேயே அவிழ்த்திருந்தேன்.

"கியாந்தோ, தண்ணி கொண்டாடா" என்றேன். வாளியோடு அந்தப் பக்கமாக ஏறி வந்தான்.

செங்கல் குவியலின் மேல் விழுந்தான். உடனே உயிர் போகவில்லை. "மச்சான், எறங்கி வாங்க" என்று கூப்பிட்டான். பிறகு "மச்சான்" என்று மட்டும் கூப்பிட்டான். காற்று அடித்துக்கொண்டிருந்தது, பூச்சு இறுகத் தொடங்கியிருந்தது. அது யாருக்காகவும் காத்திருக்காது, ஐயா. மேலிருந்து அடிவரை தேய்த்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

நான் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோது லஸ்த்ரி சாப்பாட்டோடு வந்தாள். தம்பியின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

"அவன் உங்கள கூப்பிடலையா?"

"கூப்பிட்டான். பூச்சு இறுகிட்டு இருந்துச்சு."

பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இனியும் பேச மாட்டாள். எனக்காக யாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல வேண்டாம், வருவதற்கு ஆளில்லை.

கயிற்றை அவிழ்த்தது நான்தான். அவன் சாக வேண்டும் என்றுதான் அவிழ்த்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பார்த்தேன். அவன் கூப்பிட்டபோது நான் நின்ற உயரத்தில், சுவரில் ஒரு கோடு இருக்கிறது. அது அவன் தேங்காய் வெட்டியபோது கரணையில் உண்டான பல்லால் விழுந்தது. என் கை நடுங்கவில்லை.