அட்டையின் பின்பக்கம்

நீங்கள் கொடுத்த காகிதத்தில் ஓரக்கோடு இல்லை. அளவுகோல் கேட்டு வாங்கி நானே போட்டுக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம், விடவில்லை. நடந்ததை ஒரு பத்தியில் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். ஒரு பத்தியில் அடங்காது, மன்னிக்கவும்.

நான் மொழியாசிரியை. பத்தி எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. பிள்ளைகள் கதையைப் படித்துவிட்டு, இவள் ரொம்பப் பாவம் என்று எழுதிவிடுவார்கள். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். முதலில் கருத்தைச் சொல், பிறகு புத்தகத்திலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துக் காட்டு, அந்த வரி உன் கருத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்கு என்பேன். அதற்காக நான் கண்டுபிடித்த வழி அட்டைகள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை அட்டை. முன்பக்கம் மேற்கோள் மட்டும், பின்பக்கம் அதைச் சொன்னது யார், எத்தனாம் பக்கம். ஒவ்வொரு பிள்ளையிடமும் நாற்பது அட்டையாவது இருக்கும். எழுத உட்காரும்போது மேசையில் பரப்பிவைத்துப் பொருந்துவதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

இந்த முறையை விளக்கி ஒரு கையேடு எழுதினேன். தேர்வு வாரியம் அதை அச்சடித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியது. அப்போது எங்களுக்குப் பாடமாக இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு நாவல். துறைமுக ஊரில் கணவனுக்காகக் காத்திருந்து, கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடும் மாலுமியின் மனைவியைப் பற்றியது. கையேட்டின் மாதிரிப் பத்தியில் அதிலிருந்து ஒரு வரியைக் கொடுத்திருந்தேன். "கடல் யாருக்கும் பதில் சொல்வதில்லை, காத்திருப்பவர்களை எண்ணிக்கொண்டு மட்டும் இருக்கிறது." பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. எட்டு வருடங்கள் பிள்ளைகள் அந்த வரியைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். கூட்டங்களில் அதிகாரிகள்கூட அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த வரி நாவலில் கிடையாது. நான் எழுதியது. புத்தகத்தில் இருந்த வரிகள் எதுவும் அத்தனை கச்சிதமாகப் பொருந்தவில்லை.

எட்டு வருடங்களில் நாவலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது ஒரே ஒரு பெண். வகுப்பில் அவளுக்கு 'எத்தனாம்பக்கம்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும், தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினாலும், எத்தனாம் பக்கம் என்று பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுப்பாளாம். பதினாறு வயது. அப்பா கிடையாது. அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். லாரி ஓட்டும் தாய்மாமா ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் அவள் இடம்.

அது பழைய கட்டிடத்தில் எங்கள் கடைசி வேலை நாள், வெள்ளிக்கிழமை. கட்டிடம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லிப் பள்ளியைப் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்து எல்லோரும் போனபிறகு அவள் நூலக அறைக்கு வந்தாள். நூலகமும் என் பொறுப்பில்தான் இருந்தது.

"டீச்சர், நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல மீன் பேரந்தான் நடக்குது."

கையிலிருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.

"மூணு தடவ முழுசாப் படிச்சுட்டேன் டீச்சர். அந்த வரி எங்கயுமே இல்ல. அச்சுல ஏதோ மாறிப்போச்சுன்னு நெனைக்கிறேன். வாரியத்துக்கு ஒரு லெட்டர் போடட்டுமா?"

மரியாதையான பெண் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் தப்பிக்க அவளே ஒரு காரணத்தையும் கொண்டு வந்திருந்தாள்.

பழைய பதிப்பில் இருக்கும் கண்ணு, கீழே கிடங்கில் நாலைந்து பிரதிகள் கிடக்கின்றன, போய்ப் பார் என்றேன். அது நிலத்தடி அறை. இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நான் மேலே ஒப்படைப்புப் படிவத்தை நிரப்பினேன். கிடங்கு என்ற இடத்துக்கு நேரே 'காலி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நாலரைக்குக் கிடங்கைப் பூட்டுவது என் வழக்கம். பூட்டினேன். வழக்கமாகப் பூட்டுவதற்குமுன் உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுப்பேன். அன்று கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் அம்மாவும் மாமாவும் உங்கள் காவல் துறையைச் சேர்ந்த ஒருவரோடு புதுப் பள்ளிக்கு வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளோடும் அவள் வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன். பழைய கட்டிடத்தைப் பார்க்க வேண்டுமா என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, எல்லா அறையையும் நானே சோதித்துப் பூட்டினேன் என்றேன். அவள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று அந்த அதிகாரி கேட்டார். இடம் மாற்றுவதற்காக வகுப்பின் மேற்கோள் அட்டைகள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. தேடித் தருகிறேன், மதியம் வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அவளுடைய நாற்பத்திரண்டு அட்டைகளில் ஐந்து தேறின. எல்லாம் மாலுமியின் மனைவி பேசியவை, எல்லாம் என் மாணவியின் கையெழுத்தில். 'இந்த வீட்டில் என் குரல் சுவரோடு நின்றுவிடுகிறது.' 'அவன் காலடிச் சத்தம் கேட்டால் சோறு தொண்டையிலேயே நிற்கிறது.' 'என்னைத் தேடாதீர்கள். தேடத் தேட இன்னும் தூரம் போவேன்.' மற்ற இரண்டும் அதே மாதிரிதான். ஐந்தையும் ஒரு பெரிய தாளில் பசை தடவி ஒட்டினேன். தனித்தனியாகக் கொடுத்தால் தொலைந்துபோகும் அல்லவா. ஒட்டியதும் பின்பக்கங்கள் மறைந்துவிட்டன. அன்று மாலையிலிருந்து ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தேடினார்கள்.

அந்தத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு அம்மாவிடமே கொடுத்துவிட்டார்கள். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வாங்கிய மறுநாள், தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார். முழங்கை வரைக்கும் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. இன்னொருதரம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர் என்பார். படிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பார். அதுதான் என் தொழில், சொல்வேன்.

இரண்டாவது மாதம் என்று நினைவு.

"இதுல அவன்னு வருதே, யாரு டீச்சர் அது?"

"வீட்டுல ஆம்பளன்னு யாரும்மா இருக்காங்க?"

நான் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றே அவர் தன் தம்பியின் துணிமணிகளைத் தெருவில் தூக்கி எறிந்தார் என்று கேள்விப்பட்டேன். தெரு முழுக்க அந்த மனிதனின் தலையை உருட்டியது. ஒருநாள் அவர் லாரியைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்ததே நான்தான் டீச்சர். ஏன் அப்படி எழுதினா? உங்களுக்குத் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

தெரியவில்லை என்றேன். அதன்பிறகு அவர் இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை.

அம்மா மட்டும் வீட்டை மாற்றவில்லை. சொந்தக்காரர்கள் கூப்பிட்டும் போகவில்லை. அவள் திரும்பி வந்தால் வழி தெரிய வேண்டும் என்பார். மகள் எங்கோ உயிரோடு இருக்கிறாள், கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது அந்த ஐந்து அட்டைகள்தான். இதை நீங்கள் என் பக்கம் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

புதுக் கட்டிடத்தில் வகுப்பறைகள் வெளிச்சமானவை. ஆனாலும் மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோர இடத்தில் நான் யாரையும் உட்காரவிடுவதில்லை. நோட்டுக்கட்டுகளை அடுக்கிவைத்துவிடுவேன். ஆதாரம் எங்கே என்று வகுப்பைப் பார்த்துக் கேட்கும்போது, அந்த நோட்டுகளுக்கு மேலே ஒரு கை உயர்கிறது. மணிக்கட்டு வரை மட்டும். கை தூக்கினால் கேள்வியைக் கேட்கவிட வேண்டும், அது வகுப்பின் ஒழுங்கு. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பாடத்தைத் தொடர்கிறேன். பதினோரு வருடங்களில் ஒரு நாள்கூட அந்தக் கை இறங்கியதில்லை.

இன்று காலை அவள் அம்மா மறுபடி வந்தார். பசை காய்ந்து ஓர் அட்டை உதிர்ந்துவிட்டது. அதைத் திருப்பிப் பிடித்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மாலுமியின் மனைவி. பக்கம் அறுபத்தொன்று.

"யாரு டீச்சர் இந்த மாலுமி பொண்டாட்டி? எம் பொண்ணு அவ வீட்டுலயா இருக்கா?"

முகத்தில் அத்தனை சந்தோஷம். ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு விளக்கம் எதுவும் வரவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன். அவர் இன்னும் ஆசிரியர் அறையில் காத்திருக்கக்கூடும். யாரையாவது அனுப்புங்கள்.

பழைய கட்டிடத்தை இன்னும் இடிக்கவில்லை. வேலி மட்டும் போட்டிருக்கிறார்கள். கிடங்குச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். கதவு துருப்பிடித்திருக்கும், இருவராகத் தள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை நடந்தது ஒரு கவனக்குறைவு என்று உங்கள் மேலதிகாரி எழுதச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையையும் எழுதிவிடுகிறேன், விட்டுவிட்டால் பத்தி முழுமையாகாது. அன்று மதியம் மிச்சமிருந்த வரைபடங்களை எடுக்கப் பழைய கட்டிடத்துக்குப் போனேன். படியில் இறங்கிக் கதவின் அருகே நின்றேன். சாவி கையில் இருந்தது. உள்ளே தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கதவின் அடிப்பக்கத்திலிருந்து, தரையோடு தரையாக, குரல் வந்தது.

"டீச்சர், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வரைபடங்களை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன். எங்கள் பள்ளியில் அப்போது பதினான்கு ஆசிரியைகள் இருந்தோம். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள் என்று சொல்வதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.