குரங்கு தூக்கிப்போன நாசி லெமாக்

கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டர் ரயில் கிளம்பியது. எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நல்ல வேளை, அந்தக் குரங்கு வந்துச்சு."

அதன் பிறகு நான் செய்தித்தாளைப் படிக்கவில்லை.

"எந்தக் குரங்குக்கா?"

"பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு தாமான் நெகாரா காடு, அப்படியே குவாந்தான்னு கார்ல ஒரு சுத்து போய்ட்டு வந்தோம்ல? என் நாத்தனாரு விடியக்காலையிலயே எழுந்து நாசி லெமாக் கட்டிக் குடுத்தாங்க. மத்தியானம் அங்க போய்ப் பிரிச்சா, தேங்காப்பால் சோறு புளிச்சு நாறுது. கொட்டிடலாம்னேன். வீட்டுக்காரரு, 'அக்கா கஷ்டப்பட்டு செஞ்சது, பிள்ளைங்களுக்குக் குடு'ங்கறாரு."

"ஐயோ, வயித்தால போயிருக்குமே!"

"அதான் பயந்தேன். தட்டு எடுக்கத் திரும்புனேன், ஒரு குரங்கு பாய்ஞ்சு வந்து சோத்துப் பையோட மரத்துல ஏறிடுச்சு. இவரு நேரா ஆத்தோரக் கடைக்குப் போய் சுடச்சுட வறுத்த நாசி கோரிங் வாங்கிக் குடுத்தாரு. பிள்ளைங்க வழிச்சு வழிச்சுத் தின்னுச்சுங்க."

"நாத்தனாரு ஒன்னும் கேட்கலியா?"

"கேட்காம? 'ஒரு பருக்கை கூட மிஞ்சல'ன்னேன். பொய்யா சொன்னேன்? அவங்களுக்கு ஒரே சந்தோஷம் லா. அடுத்த வாரம் பினாங்கு போறோம்ல, இந்த தடவ ரெண்டு பங்கு கட்டித் தராங்களாம்."

இளையவர் சிரித்து ஓய்வதற்குள் சுபாங் ஜெயா வந்துவிட்டது.

"சரி, அப்பலேர்ந்து போன்ல என்னக்கா பாக்கறீங்க?"

"பினாங்குல எந்தப் பக்கம் குரங்கு ஜாஸ்தின்னுதான்."