ஜோயானா பாலும் துடோரா கண்ணும்

...ரத்த அளவு எட்டுங்கறா, கேட்டியா துடோரா, மறுபடியும் எட்டுங்கறா. ஒண்ணர வயசுப் புள்ள விரலக் குத்தி ரத்தம் எடுத்துட்டு, கொஞ்சங்கூட கூசாம எட்டுங்கறா அந்த டாக்டரம்மா. பதினொண்ணு இருக்கணுமாம். மிச்சம் மூண நான் சந்தையிலயா வாங்கிட்டு வருவேன்?

நீ பன்னிய அறுக்கறதப் பாரு. நான் சும்மா வேலியோரமா நிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அஞ்சு நாள் இருக்கு, ஊரே பன்னி அறுக்குது, எங்க பட்டிதான் காலி. எந்தம்பியும் அவம்பொண்டாட்டியும் இத்தாலியில கெழடுகளக் குளிப்பாட்டிக்கிட்டு கெடக்காங்க. போறப்ப, 'ப்ரோஃபிராக்கா, எங்க புள்ள இலிங்காவ நல்லாப் பாத்துக்க'ன்னாங்க. நான் பாத்துக்கிட்ட மாதிரி எவ பாத்துக்குவா, சொல்லு?

கண்ண முழிச்சதும் ஒரு குவளை பால். எங்க ஜோயானா பால். ஜோய், அதான் வியாழக்கெழம, பொறந்த மாடு, அதுக்குத்தான் அந்தப் பேரு. உன்னோடது வெள்ளிக்கெழம பொறந்தது, பால் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும், தப்பா நெனச்சுக்காத. எங்க விட்டேன்... ஆங். மக்காச்சோளக் களி வேணாம்னா பால். முட்டையத் துப்புனா பால். அவரைய ஒதுக்குனா பால். ராத்திரி அழுதாலும் பால். புள்ள மூஞ்சியும் பால் மாதிரியே வெளுத்துக்கிட்டு வருது, நான் என்னடான்னா, ஆகா, இத்தாலிக்காரி மாதிரி வெள்ளையாகுதுன்னு சந்தோசப்படறேன்.

அப்பறம் செவுத்த நக்க ஆரம்பிச்சா பாரு. சுண்ணாம்புச் செவுரு. ஒருநாள் பூந்தொட்டியில பாதி மண்ணக் காணோம். நான் பூனையப் போட்டு சாத்துறேன், இவ மண்ணு மீசையோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறா.

டாக்டரம்மா இரும்புச் சத்துச் சொட்டு மருந்து குடுத்தா. ஒரு நாள் தவறல, துடோரா. இன்னிக்கு கேக்கறா, 'எதுல கலந்து குடுத்தே?' எதுல குடுப்பேன், ஜோயானா பால்லதான்னேன். அவ கண்ணாடியக் கழட்டி மேச மேல வச்சா. பால் அந்த மருந்த ஒடம்புல ஒட்ட விடாதாம். வயிறு முட்டப் பாலாவே இருந்தா சோறு எங்க எறங்கும், ரத்தம் எங்க ஊறும்னா. பால ரெண்டு குவளையோட நிறுத்து, மருந்தத் தனியாக் குடு, முட்டை குடு, கறி குடு, ஈரல வேகவச்சு மசிச்சுக் குடுன்னா. இப்படியே விட்டா புள்ள நடக்கறதும் பேசறதும் பின்தங்கிப் போயிடும்னா. அதக் கேட்டதும் புள்ளயத் தூக்கிக்கிட்டு நேரா உன் வேலிக்கு வந்துட்டேன்.

நீ ஏன் கத்திய வச்சுட்டே? வேலையப் பாரு... சரி, சொல்லிடறேன். புள்ள வெளுத்ததுக்கு உன் கண்ணுதான் காரணம்னு கோயில் வாசல்ல வச்சு ஊருக்கே சொன்னவ நாந்தான். அது கையில செவப்பு நூல் கட்டுனதும், நீ தெருவுல வந்தா புள்ளய என் பாவாடைக்குள்ள மறச்சுக்கிட்டு மூணு தரம் துப்புனதும் நாந்தான். உன் கண்ணு ஒண்ணும் பண்ணல துடோரா. எல்லாம் என் கையால ஊத்துன பாலு.

ஒரு துண்டு ஈரல்... உள்ளங்கை அளவு போதும். சும்மா வேணாம். அந்தப் பன்னிக் கொடலயெல்லாம் இங்க தள்ளு, குளிருல நான் கழுவறேன். நீ கையத் தொடச்சுக்கிட்டு இலிங்காவப் புடி.

இந்தா. நல்லாப் பாரு, கண்ணு நெறயப் பாரு.