பால் கண்ணாடிக்குப் பின்னால்

— பொண்ணப் பாத்தீங்களா, இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க மச்சான்.

— செருப்பக் கூட கயட்டல, அக்தரு. கோவளத்துலேந்து பஸ்ல குலுங்கிக் குலுங்கி வந்துகீறேன். தண்ணி குடு.

— செம்ப அங்க வெச்சிகீறேன். எடுத்துக்குங்க.

— கையில குடுத்தா இன்னா? ஒன்னுது ஒட்டுற நோவு இல்லன்னு டாக்டரு எத்தினி தபா சொல்லிகீறாரு.

— அவரு சொல்லுவாரு. தார் மருந்துத் தண்ணியில குளிச்சிக் குளிச்சி, வெயில்ல குந்திக் குந்தி ஒரு வருசம் போயிடுச்சி. எந் தோலு செதில் செதிலா இன்னும் உதுந்துகினுதான் கீது. படுக்கையில நீங்க அதப் பெருக்கித் தள்றத என்னால பாக்க முடியல. அதுக்குத்தான் கோவளத்துல படகு வெச்சிகீற எம் மாமன் மவ ரோஷன் பீவிய சொன்னேன். அவள நிக்காஹ் பண்ணிக்கினு என்னை எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க.

— காலையில டாக்டரப் பாத்துட்டுத்தான் கோவளம் போனேன். வெயில்ல எங்க குந்துறாங்கன்னு கேட்டாரு. கோஷா பொம்பள ஆச்சே, வெளிய வர மாட்டா, மாடி ரூம்ல பால் கண்ணாடிக்குப் பின்னாலன்னேன். நம்ம கண்ணாடிக் கடைச் சரக்கு, பெல்ஜியம், நானே பூட்டினேன்னு பெருமை வேற அடிச்சேன். மனுசன் தலையில கைய வெச்சிக்கினாரு.

— ஏனாம்?

— மருந்தே வெயில்ல கீற ஒரு கதிராம். கண்ணுக்குத் தெரியாதாம். அல்ட்ரா வயலெட்டுன்றாரு. கண்ணாடி அத உள்ள வுடாதாம். நீ காஞ்சதெல்லாம் வெறுஞ் சூடு. மெட்ராஸ்ல அதுக்குன்னே வெளக்கு கீதாம். நமக்கு, குளிச்சிட்டு வெட்ட வெளியில குந்தினாப் போதுமாம்.

— முதுகத் தொறந்து போட்டுகினா? நாலு பக்கமும் மாடி வூடு. மவுத்தானாலும் மாட்டேன். பேச்ச மாத்தாதீங்க. மாமா இன்னா சொன்னாரு?

— நூர்முகமது மாமா கோழி அறுத்து சோறு போட்டாரு. பொண்ணும் கதவாண்ட வந்து எட்டிப் பாத்துச்சி. லட்சணமாத்தான் கீது.

— நல்லதாப் போச்சி.

— மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது? நீதான அனுப்பின?

— ஒண்ணுமில்ல. எம் பச்சைப் பொடவைய அவளுக்கு எடுத்து வெக்கிறேன். எப்ப நிக்காஹ்?

— பொண்ண எங்க கேட்டேன்? மொட்ட மாடிய மறைச்சி சுத்திக் கட்ட ஒரு பழைய படகுப் பாய் குடுங்கன்னுதான் கேட்டேன், வாசல்ல கெடக்குது, வந்து ஒரு முனையப் புடி.